ராத்திரி 2 மணிக்கு மெசேஜ் வந்தா எழுந்திருக்கணுமா? வெளிநாட்டு கஸ்டமர், நம்ம தூக்கம், ஒரு கணக்கு

சைடு இன்கம் பத்தின வீடியோல, "அமெரிக்காவுக்கு ஆன்லைன்ல விக்கறவங்க கஸ்டமருக்கு பதில் சொல்ல ராத்திரி முழிச்சிருக்கணுமா"ங்கற விஷயத்தை ரெண்டே நிமிஷத்துல தாண்டிப் போயிட்டேன். அது நின்னு பேச வேண்டிய விஷயம். பேனாவும் பேப்பரும் எடுத்து வெச்சுக்கிட்டுப் படிச்சா இன்னும் நல்லது.

யாருக்கு இந்தக் கட்டுரை? பகல்ல ஒரு ஆபீஸ்ல மாசச் சம்பளம். சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் கரூர் டேபிள் ரன்னர், சென்னிமலை போர்வை, நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, பத்தமடைப் பாய் மாதிரி ஏதோ ஒண்ணை எட்ஸியிலயோ அமேசான்லயோ சொந்த வெப்சைட்லயோ வெளிநாட்டுக்கு அனுப்பறவங்க. இல்ல, அப்படி ஆரம்பிக்கலாமான்னு யோசிக்கறவங்க.

இவங்க எல்லாரும் முதல்ல பயப்படறது ஷிப்பிங்கைப் பத்தி. ஆனா ஆறு மாசம் ஓடினதுக்கு அப்புறம் ஆளைச் சோர்வாக்கறது கஸ்டமர் மெசேஜ்தான். நாம தூங்கும்போது அவங்க கேக்கறாங்க, அவங்க தூங்கும்போது நாம பதில் சொல்றோம். அதனால நிறைய பேர் ரெண்டுல ஒரு முடிவுக்கு வந்துடறாங்க. ஒண்ணு, அலாரம் வெச்சு எழுந்திருக்கறது. இல்லன்னா ராத்திரி வேலைக்கு ஒரு ஆள் போடறது. ரெண்டுமே பெரும்பாலும் நஷ்டக் கணக்குங்கறது என்னோட கருத்து. ஏன்னு பார்ப்போம்.

24 மணி நேரம் நம்ம பிரச்சினையே இல்ல

அமேசான்ல கஸ்டமர் மெசேஜுக்கு 24 மணி நேரத்துக்குள்ள பதில் போகணும். சனி, ஞாயிறு, பண்டிகை எல்லாம் அதுல சேர்த்தி. எட்ஸியில ஸ்டார் செல்லர் பேட்ஜ் வேணும்னா, முதல் மெசேஜ்கள்ல 95 சதவீதத்துக்கு 24 மணி நேரத்துக்குள்ள பதில் சொல்லியிருக்கணும். இதைக் கேட்ட உடனே பதற்றம் வருது. ஆனா நிதானமா யோசிங்க. தினமும் ஒரே ஒரு தடவை, ஒரே நேரத்துல உக்காந்து எல்லா மெசேஜுக்கும் பதில் போட்டாலே இந்த விதி பூர்த்தியாயிடும். எந்த நாட்டு நேரமா இருந்தாலும் ஒரு நாளைக்கு 24 மணி நேரம்தானே!

அப்ப சிக்கல் எங்க? எத்தனை தடவை மெசேஜ் போயிட்டு வருதுங்கறதுல.

ஒரு உதாரணம். ஜூன் மாசம், நியூ ஜெர்சியில இருக்கற ஒரு அம்மா செவ்வாய்க்கிழமை ராத்திரி 8 மணிக்கு எட்ஸியில ஹெல்ப் ரிக்வெஸ்ட் போடறாங்க: "ரன்னரோட ஓரம் பிரிஞ்சு வந்திருக்கு." நமக்கு அது புதன் காலை 5:30. நீங்க 7 மணிக்குப் பார்க்கறீங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு, ராத்திரி பதில் சொல்லிக்கலாம்னு கிளம்பிடறீங்க. ராத்திரி 9 மணிக்கு உக்காந்து, "சாரி மேடம், ஒரு போட்டோ அனுப்ப முடியுமா"ன்னு கேக்கறீங்க. அங்க அப்ப புதன் காலை 11:30. அவங்க வேலையில இருக்காங்க. சாயங்காலம் 7 மணிக்கு வீட்டுக்கு வந்து போட்டோ அனுப்பறாங்க. நமக்கு வியாழன் விடியக்காலை 4:30. நீங்க மறுபடியும் வியாழன் ராத்திரி 9 மணிக்கு, "புதுசு அனுப்பட்டுமா, பணம் திருப்பித் தரட்டுமா"ன்னு கேக்கறீங்க. அவங்க நேரப்படி வியாழன் காலை 11:30.

முதல் பதிலுக்கு நீங்க எடுத்துக்கிட்டது பதினஞ்சரை மணி நேரம், ரெண்டாவதுக்கு பதினாறரை. 24 மணி நேர விதியை ரெண்டு தடவையும் ஒழுங்கா கடைப்பிடிச்சிருக்கீங்க. ஆனா எட்ஸியில இன்னொரு கடிகாரம் ஓடுது. ஹெல்ப் ரிக்வெஸ்ட் போட்டு 48 மணி நேரத்துல பிரச்சினை தீரலைன்னா, கஸ்டமர் கேஸ் ஓப்பன் பண்ணலாம். வியாழன் ராத்திரி 8 மணிக்கு, நமக்கு வெள்ளி விடியக்காலை 5:30க்கு, அந்த 48 மணி நேரம் முடியுது. ரெண்டு நாளா "போட்டோ குடுங்க, எது வேணும்"னு கேள்வி மட்டுமே பதிலா வந்துக்கிட்டிருக்கு. நாமளா இருந்தாலும் அந்த பட்டனை அழுத்தியிருப்போம்.

அமேசான்லயும் இதே கதைதான். ஏ-டு-இசட் கேரண்டி க்ளெய்ம் போடறதுக்கு முன்னாடி கஸ்டமர் பொதுவா 48 மணி நேரம் செல்லருக்காகக் காத்திருக்கணும். ஈபே கொஞ்சம் தாராளம், செல்லருக்கு 3 வேலை நாள் தருது. சொந்த வெப்சைட், பேபால்னு வெச்சிருக்கீங்கன்னா இந்த அவசரம் குறைவு. ஆனா பேமெண்ட் பண்ண நாள்ல இருந்து 180 நாள் வரைக்கும் கஸ்டமர் டிஸ்ப்யூட் எழுப்பலாம். அதனால மெசேஜை எல்லாம் டெலீட் பண்ணாம வெச்சிருங்க.

ஆக, ஒவ்வொரு எதிர்க்கேள்விக்கும் விலை ஒரு நாள். 48 மணி நேரத்துல நமக்குக் கிடைக்கறது ரெண்டு வாய்ப்பு, அதுல ஒண்ணை "போட்டோ அனுப்புங்க"ன்னு கேட்டே செலவு பண்ணிடறோம்.

ஒரே மெசேஜ்ல முடிக்கறது எப்படி

மேல சொன்ன அம்மாவுக்கு முதல் பதிலே இப்படிப் போயிருந்தா?

"ஓரம் பிரிஞ்சு வந்ததுக்கு வருந்தறேன். பார்சலைத் திருப்பி அனுப்ப வேண்டாம். பிரிஞ்ச இடத்தை ஒரு போட்டோ மட்டும் எடுத்து அனுப்புங்க. அதோட உங்களுக்குப் புது ரன்னர் வேணுமா, முழுப் பணமும் திரும்ப வேணுமான்னு ஒரு வரி எழுதிடுங்க. புதுசு கேட்டா, உங்க நேரப்படி வெள்ளிக்கிழமைக்குள்ள டிராக்கிங் நம்பர் வரும். பணம் கேட்டா, நீங்க பதில் அனுப்பின 24 மணி நேரத்துக்குள்ள ரீஃபண்ட் போட்டுடுவேன்."

மூணு நாள் இழுத்த விஷயம் ஒரே சுத்துல முடியும். இதை எழுத இங்கிலீஷ் புலமை தேவையில்ல. முன்கூட்டியே ஒரு முடிவு எடுத்திருந்தா போதும்: எத்தனை டாலர் வரைக்கும் கேள்வி கேக்காம மாத்திக் குடுப்போம்? அந்த வரம்பை நல்லா தெளிவா இருக்கும்போது, பகல்ல, கால்குலேட்டர் வெச்சு முடிவு பண்ணிடுங்க. ராத்திரி 9 மணிக்கு, ஆபீஸ் முடிஞ்சு வந்த களைப்புல எடுக்கற முடிவு ஒண்ணு ரொம்பக் கருமித்தனமா இருக்கும், இல்ல ரொம்ப வள்ளல்தனமா இருக்கும். 40 டாலர் பொருளை அமெரிக்காவுல இருந்து கரூருக்குத் திருப்பி அனுப்பச் சொன்னா, கூரியர் செலவே பொருளோட விலையை நெருங்கிடலாம். அப்புறம் எதுக்கு அந்தக் கேள்வி?

இதைவிட மலிவான வழி, கேள்வியே வராம பண்றது. உங்க கடைக்குக் கடைசியா வந்த 30 மெசேஜை எடுத்துப் பாருங்க. திரும்பத் திரும்ப அஞ்சாறு கேள்விதான் வந்திருக்கும். அளவு இன்ச்ல எவ்வளவு, சாயம் போகுமா, எந்தச் சூட்டுத் தண்ணியில துவைக்கலாம் (அவங்களுக்கு ஃபாரன்ஹீட்ல சொல்லணும்), எப்ப வரும். 800 டாலர் வரைக்குமான பார்சலுக்கு அமெரிக்கா தந்துக்கிட்டிருந்த வரி விலக்கு 2025 ஆகஸ்ட் 29ல இருந்து நிறுத்தப்பட்ட பிறகு, "டியூட்டி யார் கட்டணும்?"னு இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கு. இந்தப் பதில்களைப் பொருள் விவரத்துலயே, முதல் நாலு வரிக்குள்ள போடுங்க. இது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதிய வேலை.

ஒரு சின்ன எச்சரிக்கை. "நாளைக்கு அனுப்பறேன்"னு எழுதாதீங்க. நீங்க புதன் காலை 7 மணிக்கு எழுதினா, அங்க இன்னும் செவ்வாய் ராத்திரி. உங்க நாளைக்கு வியாழன், அவங்க நாளைக்கு புதன். கிழமையை எழுதி "உங்க நேரப்படி"ன்னு சேர்த்துடுங்க. அதே மாதிரி 05/06ன்னு தேதி போட்டா நமக்கு ஜூன் 5, அமெரிக்கருக்கு மே 6. மாசத்தை எழுத்துலயே எழுதுங்க.

எந்த நேரத்துல உக்காரலாம்?

அமெரிக்காதான் தூரம், அதனால அதுதான் கஷ்டம்னு நினைக்கறோம். சம்பளத்துக்கு வேலை பாக்கறவங்களுக்கு உண்மை நேர்மாறு. அமெரிக்கா கிட்டத்தட்ட தலைகீழா இருக்கறதாலேயே நமக்கு வசதி.

கோடையில நியூயார்க் நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னாடி, கலிஃபோர்னியா பன்னிரண்டரை மணி நேரம் பின்னாடி. நம்ம காலை 7 மணி நியூயார்க்ல முந்தின நாள் ராத்திரி 9:30, கலிஃபோர்னியாவுல சாயங்காலம் 6:30. சாப்பிட்டு முடிச்சு, சோஃபாவுல உக்காந்து ஃபோனை நோண்டிக்கிட்டிருக்கற நேரம். ஆர்டர் போடறதும் புகார் எழுதறதும் நிறைய நடக்கறது அப்பதான். நீங்க காபி குடிச்சுக்கிட்டே 6:45ல இருந்து 7:15 வரைக்கும் உக்காந்தா, உடனுக்குடன் ரெண்டு மூணு தடவை பேசி முடிச்சிடலாம். அந்த நியூ ஜெர்சி அம்மாவோட விஷயத்துல ராத்திரி 9 மணிக்குப் போட்ட பதிலை அன்னைக்குக் காலை 7 மணிக்கே போட்டிருந்தா, அவங்க அப்ப முழிச்சிக்கிட்டுதான் இருந்திருப்பாங்க.

ராத்திரி 9 மணி அவங்களுக்குக் காலை 11:30 அல்லது 8:30. இது காலையில சொன்னதைச் செய்து முடிக்கற நேரம், அதாவது ரீஃபண்ட் போடறது, டிராக்கிங் அனுப்பறது. அரைமணி நேரம் போதும். அதுக்கப்புறம் நோட்டிஃபிகேஷனை ஆஃப் பண்ணிட்டுத் தூங்குங்க.

உண்மையிலயே தொந்தரவான நாடு இங்கிலாந்து. நாலரை மணி நேர வித்தியாசம்தானேன்னு ஏமாந்துடுவோம். அவங்க சாயங்காலம் 7ல இருந்து 9, நமக்குக் கோடையில ராத்திரி 11:30ல இருந்து 1:30. குளிர்காலத்துல அதுவும் ஒரு மணி நேரம் தள்ளிப் போயிடும். நம்ம காலை 7 மணிக்கு அவங்க நல்ல தூக்கத்துல இருப்பாங்க. இதுக்கு ஒரே வழி மதிய சாப்பாட்டு இடைவேளை. நம்ம 1:30, அங்க கோடையில காலை 9, குளிர்காலத்துல 8. அதே 1:30 சிட்னியில சாயங்காலம் 6 மணி, அவங்க கோடையில 7. ஒரே பத்து நிமிஷத்துல ரெண்டு நாட்டையும் பார்த்துடலாம். சொந்த ஃபோன்ல, சொந்த டேட்டாவுல பாருங்க. ஆபீஸ் லேப்டாப்ல கடை அக்கவுண்டைத் திறக்கவே திறக்காதீங்க. வெளி வேலை பத்தி உங்க அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவை படிச்சுப் பார்த்துடுங்க.

இந்த நேரமெல்லாம் வருஷத்துக்கு ரெண்டு தடவை நகரும். நாம கடிகாரத்தை மாத்தறதில்ல, அவங்க மாத்தறாங்க. அமெரிக்கா மார்ச் ரெண்டாவது ஞாயிறு முன்னாடி தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு பின்னாடி கொண்டு வரும். 2026ல அது மார்ச் 8, நவம்பர் 1. இங்கிலாந்தும் ஐரோப்பாவும் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாத்தறாங்க. அதனால மார்ச்ல ரெண்டு மூணு வாரம் அமெரிக்கா மாறியிருக்கும், இங்கிலாந்து மாறியிருக்காது. ஆஸ்திரேலியாவுல சிட்னியும் மெல்போர்னும் மாத்துவாங்க, பிரிஸ்பேன் மாத்தாது. அமெரிக்காவுலயே அரிசோனா பெரும்பாலும் மாத்தாது. மனக்கணக்கு வேண்டாம். ஃபோன்ல இருக்கற வேர்ல்ட் க்ளாக்ல உங்க கஸ்டமர் ஊர் மூணைச் சேர்த்து வெச்சுக்கோங்க.

நவம்பர் கடைசி வாரத்துக்கு மட்டும் ஒரு தனிக் குறிப்பு. சைபர் மண்டே நமக்குத் திங்கள் காலை 10:30க்கு நியூயார்க்ல ஆரம்பிச்சு, செவ்வாய் மதியம் 1:30க்குத்தான் கலிஃபோர்னியாவுல முடியும். கேள்விகள் குவியறது நம்ம செவ்வாய்க்கிழமை காலையில. லீவ் எடுக்கறதா இருந்தா அந்த செவ்வாய்க்கு எடுங்க.

ராத்திரி ஆள் போட்டா கட்டுப்படியாகுமா?

இப்ப பேனாவை எடுங்க. இது என் அனுமானக் கணக்கு, உங்க நம்பரைப் போட்டு மாத்திக்கோங்க.

மாசம் 60 ஆர்டர், ஒண்ணு 40 டாலர், டாலருக்கு 85 ரூபாய். ஒரு ஆர்டர் 3,400 ரூபாய், மாச விற்பனை 2,04,000. பொருள் விலை, ஷிப்பிங், பிளாட்ஃபார்ம் கட்டணம், விளம்பரம் எல்லாம் போக 20 சதவீதம் நிக்குதுன்னு வெச்சுக்குவோம். ஆர்டருக்கு 680, மாசத்துக்கு 40,800.

ஒரு முழு ரீஃபண்ட் போனா, 680 லாபம் போறது மட்டுமில்ல. நீங்க ஏற்கனவே செலவு பண்ண 2,720 ரூபாயும் போச்சு. அதைத் திரும்ப எடுக்க அடுத்த நாலு ஆர்டரோட லாபம் முழுசா வேணும். இதனாலதான் லேட் பதிலைப் பார்த்து பயம் வருது, நியாயமான பயம்தான்.

சரி, ராத்திரி பதில் சொல்ல பார்ட் டைமா ஒருத்தரை 12,000 ரூபாய்க்கு வைக்கறீங்க. தடுக்கற ஒவ்வொரு ரீஃபண்டும் 3,400 மிச்சம் பண்ணும். அப்ப மாசம் நாலு ரீஃபண்டாவது அவர் தடுத்தாதான் சம்பளம் கட்டுப்படியாகும். 60 ஆர்டர்ல நாலு! அதுவும் பதில் லேட்டானதால மட்டும் போற நாலு. துணி கிழிஞ்சதால போற ரீஃபண்டை எவ்வளவு வேகமா பதில் சொன்னாலும் தடுக்க முடியாது. அது தறியில, பேக்கிங்ல சரி பண்ண வேண்டியது. கடந்த மூணு மாச ரீஃபண்டை எடுத்து, ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல "பொருள்", "கூரியர்", "லேட் பதில்"னு எழுதிப் பாருங்க. மூணாவது காரணம் மாசத்துக்கு ஒண்ணோ ரெண்டோ வந்தா ஆள் வேண்டாம். மாசம் 300 ஆர்டருக்குப் போயிட்டீங்கன்னா கதை வேற, அப்ப இதே கணக்கு ஆள் போடச் சொல்லும்.

"ஆள் எதுக்கு, நானே முழிச்சிருக்கேன்"னா? மாசம் 60,000 சம்பளம், சுமார் 200 மணி நேரம் வேலைன்னா உங்க ஒரு மணி நேரம் 300 ரூபாய். தினமும் ராத்திரி ரெண்டு மணி நேரம், 25 நாள், மொத்தம் 50 மணி நேரம். 15,000 ரூபாய். ஆள் போடறதைவிட இது அதிகம்! தூக்கம் கெட்டு ஆபீஸ்ல ஒரு அப்ரைசல் சொதப்பினா வர்ற நஷ்டம் இந்தக் கணக்குலயே வரலை. சைடு பிசினஸை இவ்வளவு நாள் தாங்கிப் பிடிக்கறது அந்தச் சம்பளம்தான்.

இன்னொரு யோசனையும் அடிக்கடி வரும்: "சித்தப்பா பையன் டல்லாஸ்ல இருக்கான், அவனைப் பார்த்துக்கச் சொல்லலாமே?" அவர் ஸ்டூடன்ட் விசாவுல இருந்தா, அனுமதி இல்லாத வேலை அவர் விசாவுக்கே ஆபத்து. பாசத்துல உதவி கேட்டு அவர் வாழ்க்கையில விளையாடாதீங்க.

மார்ச் 31 மட்டும் தனிக் கவனம்

சி.ஏ.வா இருந்துட்டு இதைச் சொல்லாம போக முடியாது. நியூயார்க்ல மார்ச் 31 ராத்திரி 9 மணிக்கு வர்ற ஆர்டர், நமக்கு ஏப்ரல் 1 காலை 6:30. பிளாட்ஃபார்ம் ரிப்போர்ட் அமெரிக்க நேரத்துல இருந்தா அது போன நிதியாண்டுல தெரியும். உங்க இன்வாய்ஸ் தேதியோ புது நிதியாண்டு. ஆடிட்டர்கிட்ட ரிப்போர்ட்டை அப்படியே அனுப்பினா, ரெண்டு மொத்தமும் ஒத்துப் போகாது. ரிப்போர்ட் எந்த நேர மண்டலத்துல வருதுன்னு முதல்லயே பாருங்க. மார்ச் 30, 31, ஏப்ரல் 1 இந்த மூணு நாள் ஆர்டரை மட்டும் ஆர்டர் நம்பர் வாரியா இந்திய நேரத்தோட ஒரு ஷீட்ல எழுதி வெச்சிடுங்க.

ஜி.எஸ்.டி பதிவு எடுத்து, வரி கட்டாம எல்.யு.டி மூலமா ஏற்றுமதி பண்றவங்களுக்கு இது இன்னும் முக்கியம். எல்.யு.டி ஒரு நிதியாண்டுக்குத்தான் செல்லும். அங்க மார்ச் 31 ராத்திரியா இருக்கும்போதே இங்க புது எல்.யு.டி கையில இருக்கணும். மார்ச் மூணாவது வாரத்துலயே போர்ட்டல்ல போட்டு முடிச்சிடுங்க. அதை ஸ்டெப் பை ஸ்டெப்பா எப்படிப் போடறதுன்னு அடுத்த வீடியோல ஸ்க்ரீனோட காட்டறேன்.